சட்டப்படி ஒரு சைக்கிள்

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது தையல்காரி தன் கணவனின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்று காலையும் அதைத்தான் செய்கிறாள். மணி அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, பின்னால் இருக்கும் சிவப்பு வில்லை பளிச்சென்று தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். போருக்குப் போகிறவன்கூட இத்தனை தடவை கத்தியைப் பார்த்திருக்க மாட்டான்.

இடையில் ஒரு வாரம் ஓடிவிட்டதால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தச் சைக்கிளில்தான் அவள் கணவன் சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்குப் போய் இரத்த மாதிரிகளை வாங்கிப் பரிசோதனைக்கூடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தான். மார்க்கெட் சந்திப்பில் ஒரு கார் அவனை இடித்துத் தள்ளியது. அது டிரைவிங் ஸ்கூல் கார். ஸ்கூல் நடத்துகிறவர் வேறு யாருமில்லை, தையல்காரியின் கூடப்பிறந்த அண்ணன். எல்லோரும் மாஸ்டர், மாஸ்டர் என்று மரியாதையாகக் கூப்பிடுகிற மனிதர்.

மாஸ்டர் போலீசிடம் சொன்னது இவ்வளவுதான். மெக்கானிக்கிடமிருந்து காரை எடுத்துக்கொண்டு தனியாக வந்துகொண்டிருந்தேன். சைக்கிள்காரர் சிவப்பில் நிற்காமல் குறுக்கே வந்துவிட்டார். நடந்தது வருத்தம்தான், ஆனால் தப்பு என்னுடையது இல்லை.

அதோடு முடிந்தது. சைக்கிள்காரன் சிக்னலில் நிற்கவில்லை என்று சொன்னால் உலகத்தில் யாரும் சாட்சி கேட்பதில்லை. போலீஸ்காரர் தலையை ஆட்டினார். சந்திப்பில் கூடி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். விதியை மீறுகிறவனை நம்பி நோயாளியின் இரத்தத்தை எப்படிக் கொடுத்தனுப்புவது என்று பரிசோதனைக்கூட மேனேஜர் கேட்டார். தொடை எலும்பு உடைந்ததோடு வேலையும் போயிற்று.

இதில் தையல்காரியை அதிகம் எரித்தது கணவன்தான். அவன் வாயையே திறக்கவில்லை. சிக்னல் விழுவதற்கு முன்னாலேயே காலைத் தரையில் ஊன்றுகிற மனிதன் அவன். பின்னால் உட்கார்ந்து போகும்போது அவளே எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறாள். அப்படிப்பட்டவன் சுவரைப் பார்த்தபடி, “என் கவனக்குறைவுதான்” என்றான். கேட்டால் மறுபடியும் அதையே சொன்னான். அடிபட்டதில் மனசும் ஒடிந்துவிட்டது, பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் ஒருமுறை பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்கு எட்டவே நின்றுகொண்டு, வராந்தாவில் தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். “சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் குட்டி. சைக்கிளா இருந்தாலும் சட்டப்படி போகணும்.”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சட்டப்படி என்றால் சட்டப்படி. மறுநாளிலிருந்து அவள் பஸ்ஸை விட்டுவிட்டு, வளைந்த சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டு கணவனின் சைக்கிளை எடுத்தாள். அவள் வேலை செய்யும் ரெடிமேட் துணிக்கடைக்குப் போகிற வழியும், மாஸ்டரின் கார்கள் தேர்வு மைதானத்துக்குப் போகிற வழியும் ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. சிக்னலை மீறியது மாப்பிள்ளை இல்லை என்று அண்ணன் தன் வாயால் மேனேஜரிடம் வந்து சொல்ல வேண்டும். சொல்கிறவரை விடுவதாக இல்லை.

“காத்து போதுமா அண்ணி?” நாத்தனார் பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு வயது இருபத்தொன்று. காலையில் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தவள், தன் அண்ணனுக்கு அடிபட்டதும் அதை நிறுத்திவிட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சாப்பாடு ஊட்டுவதிலிருந்து கட்டிலை நகர்த்துவதுவரை அவள்தான். இப்படி ஒரு நாத்தனார் யாருக்குக் கிடைப்பாள் என்று தையல்காரி கடையில் பெருமையடித்துக்கொள்வாள்.

“போதும். இன்னைக்கு உன் மாஸ்டர் மாமாவுக்கு டெஸ்ட் நாள். நல்லா உருட்டி எடுக்கப் போறேன் பாரு.”

பாப்பா சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து கணவன், “வேண்டாம், விட்டுடு. பஸ்ல போ” என்றான். தினமும் சொல்கிறதுதான். அவள் காதில் வாங்காமல் ஏறி மிதித்தாள்.

கடைத்தெரு முடிகிற இடத்திலிருந்து தேர்வு மைதானம்வரை சாலை ஒல்லி. நடுவில் அறுபடாத வெள்ளைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் யாரையும் முந்தக்கூடாது. யார் கேட்கிறார்கள்? லாரி முந்தும், வேன் முந்தும், பால்வண்டி முந்தும். அவளைக் கடந்து போகிறவர்கள் ஜன்னலை இறக்கி ஒரு வார்த்தை திட்டிவிட்டும் போவார்கள். முந்தவே முடியாத வண்டி ஒன்று உண்டென்றால், அது தலையில் டிரைவிங் ஸ்கூல் பலகையைச் சுமந்துகொண்டு போகிற வண்டிதான். உள்ளே மாணவர் இருக்கிறார். பக்கத்தில் மாஸ்டர் இருக்கிறார். கோட்டைத் தாண்டாதே என்று பாடம் நடத்திவிட்டுக் கோட்டைத் தாண்டினால் அப்புறம் அவருக்கு என்ன மரியாதை?

இந்த மூன்று வாரத்தில் அவள் கண்டுபிடித்தது இதுதான். விதியை மீறுகிற சைக்கிளால் காருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அது சந்தில் நுழைந்து, சிவப்பில் பறந்து, எங்கேயோ போய்விடும். எல்லா விதியையும் கடைப்பிடிக்கிற சைக்கிள்தான் கண்ணில் விழுந்த தூசி. தேய்க்கத் தேய்க்க உறுத்தும்.

காரின் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. கியர் மாற்றத் தெரியாமல் கார் கனைத்தது. இன்றைக்குப் பல் டாக்டர் அம்மா ஓட்டுகிறார் போலிருக்கிறது. அந்த அம்மாளின் வெள்ளைக் கோட்டுக்கு மடிப்பு வைத்துக் கொடுத்தவளே தையல்காரிதான். பல் பிடுங்குவதில் நடுங்காத அந்தக் கை கியரில் நடுங்குமாம். அவரே சொல்லியிருக்கிறார். பின் இருக்கையில் இன்னும் இரண்டு பேர், வங்கிக்காரர் ஒருவரும் வாத்தியார் ஒருவரும். எல்லோருக்கும் இன்று தேர்வு.

சாலை ஓரத்தில் நீளமாகப் பள்ளம். தையல்காரி கையை நீட்டிக் காட்டிவிட்டு நடுவுக்கு வந்தாள். வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. பின்னால் கார் ஊர்ந்தது. காருக்குப் பின்னால் ஒரு வேன், வேனுக்குப் பின்னால் இன்னொன்று என்று வால் நீண்டுகொண்டே போயிற்று. குறுக்கே ஒருவர் நாயோடு கடந்தார். அவள் இறங்கி நின்றாள். அவர் நன்றி சொன்னார். பரவாயில்லை, மெதுவாகப் போங்கள் என்றாள். ஹாரன்கள் அலறின.

மார்க்கெட் சந்திப்பு வந்தது. கணவன் விழுந்து கிடந்த அதே இடம். சிக்னல் பச்சையில் இருந்தது. அவள் நிறுத்தக்கோட்டை நெருங்கும்போது மஞ்சள் விழுந்தது. ஒரு மிதி மிதித்தால் போயிருக்கலாம். கையை மேலும் கீழும் அசைத்துக் காட்டி, அழகாக நின்றாள். பின்னால் டாக்டர் அம்மா எதையோ விட்டு எதையோ அழுத்த, கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

கதவு திறந்தது. மாஸ்டர் இறங்கி வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. வியர்வை மட்டும் நெற்றியில்.

“குட்டி, ஓரமாப் போ. மைதானத்துல கேட்டை மூடிடுவாங்க. மூணு பேரு உள்ள உக்காந்திருக்காங்க.”

“ஓரத்துல பள்ளம். பள்ளம் இருந்தா சைக்கிள் நடுவுல வரலாம்னு உன் ஸ்கூல் சுவத்துல நீதானே படம் வரைஞ்சு வச்சிருக்கே.”

“மஞ்சள்தானே விழுந்துச்சு.”

“மஞ்சள்னா விரட்டிக்கிட்டுப் போறதுக்கா அண்ணா? உன் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுக்கறியா?”

காருக்குள்ளிருந்த மூன்று பேரும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது மாஸ்டருக்கும் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். மூன்று வாரமாக மானத்தை வாங்குகிறாய், நாலு பேர் வேறு ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள், கூடப்பிறந்தவளே இப்படிச் செய்தால் ஊர் என்ன நினைக்கும் என்றெல்லாம் பல்லைக் கடித்தபடி சொன்னார். அவள் சிக்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜரிடம் வந்து ஒரு வார்த்தை சொல், நாளையிலிருந்து பஸ்ஸில் போகிறேன் என்றாள்.

அதில்தான் அவர் நிதானம் இழந்தார்.

“என்னத்தைடி சொல்லச் சொல்றே? நான் என்ன வேணும்னா பண்ணினேன்? ரெண்டாவது பிரேக்கை நான் மிதிச்ச மிதியில இன்னைக்கும் முழங்கால் வலிக்குது. நான் மட்டும் அதை மிதிக்கலேன்னா மாப்பிள்ளையை நீ முழுசாப் பாத்திருக்க மாட்டே. அதுக்கு ஒரு நன்றி கிடையாது. வந்துட்டா பெரிய நியாயவாதி.”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். பச்சை விழுந்துவிட்டது. பச்சையில் நின்று பேசுவதும் விதிமீறல். ஏறி மிதித்தாள்.

அப்புறம் நடந்ததை அவள் கடையில் ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் புதிதாக இனித்தது. மாஸ்டர் டாக்டர் அம்மாளை இறக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் தானே காரை எடுத்தார். சந்திப்பைத் தாண்டியதும் கோபத்தோடு ஒரே அழுத்தாக அழுத்தி, வெள்ளைக்கோட்டைத் தாண்டி அவளை முந்தினார். கண்ணாடிக்குள் அவர் முகம் ஒரு கணம் தெரிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர முன்னால் பார்க்கவில்லை.

முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. கார் நேருக்கு நேர் வருவதைப் பார்த்துச் சாலையைவிட்டு இறங்கி, மண்ணில் சறுக்கி, விழாமல் தப்பி நின்றது. ஓட்டி வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். மைதானத்தில் இன்று தேர்வு நடத்த வேண்டிய இன்ஸ்பெக்டர்.

தையல்காரி அருகில் வருவதற்குள் விசாரணை முடிந்துவிட்டது. இன்றைக்கு உங்கள் வண்டிக்குத் தேர்வு கிடையாது, நீங்கள் முதலில் என் ஆபீசுக்கு வாருங்கள் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. வாத்தியார் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். தையல்காரி கையைக் காட்டி, அவர்களைச் சுற்றி, மணியை ஒரு முறை அடித்துவிட்டுப் போனாள். மணி அடிக்க வேண்டும் என்பதும் விதிதானே.

கடையில் அன்று ஒரே பட்டிமன்றம். பொத்தான் தைக்கிற பட்டன் அக்கா அடியோடு வேறு கட்சி.

“சைக்கிளுக்கு எதுக்குடி சிக்னலு? நாம யாரை இடிச்சுக் கொல்லப் போறோம்? சட்டம் எல்லாம் கார்காரனுக்குப் பயந்து கார்காரனுக்காகப் போட்டது. நான் இன்னைக்கு வரைக்கும் சிவப்புல நின்னதில்லை. ஆளு இல்லேன்னா போயிட்டே இருப்பேன்.”

கல்லாவிலிருந்த முதலாளிக்கு ஒரு கார் உண்டு. அவர் சும்மா இருப்பாரா? இப்படிப் போகிறவர்களால்தான் தனக்கு ரத்தக்கொதிப்பே வந்தது என்றார். சைக்கிளுக்கும் நம்பர் பலகை வைத்தால்தான் ஒழுங்காக ஓட்டுவீர்கள் என்றார். பட்டன் அக்கா, உங்கள் ரத்தக்கொதிப்புக்குச் சைக்கிள் காரணமில்லை, உங்கள் வீட்டுக்காரம்மாதான் காரணம் என்றதும் கடையே சிரித்தது.

தையல்காரி சிரித்துக்கொண்டே மிஷினில் குனிந்திருந்தாள். பட்டன் அக்காவைப் போல அவளும் ஒரு காலத்தில் சிவப்பில் போனவள்தான். எல்லோரும் போகிறார்கள். எல்லோரும் போவதால்தான் அண்ணன் ஒரு பொய் சொன்னதும் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. நின்றவன்மேல்கூட ஒட்டிக்கொண்டது. பட்டன் அக்காவிடம் இதைச் சொல்ல நினைத்தாள். சொன்னால் சண்டை வரும். ஒரு கால்சட்டையின் ஓரத்தை மடித்து ஊசிக்கடியில் வைத்து, காலால் மிஷினை அழுத்தினாள்.

அழுத்திய கால் அப்படியே நின்றது.

ரெண்டாவது பிரேக்கு.

டிரைவிங் ஸ்கூல் காரைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் அண்ணனின் கார்களைக் கழுவிவிட்டவள் அவள். எல்லாக் காரிலும் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒன்று இருக்கும், மாணவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பதற்கு. அதற்குப் பெயர்தான் ரெண்டாவது பிரேக்கு. ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்துகொண்டு அதை மிதிக்கவே முடியாது. கால் எட்டாது.

தனியாக வந்த மனிதருக்கு ரெண்டாவது பிரேக்கில் என்ன வேலை?

ஊசி துணியில் குத்தியபடி நின்றிருந்தது. அன்றைக்கு அண்ணன் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறார். வேறு யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அந்த யாரோ, கணவன் ரத்தத்தில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, இத்தனை நாளாக ஒன்றும் தெரியாதவர் மாதிரி தின்று, தூங்கி, எழுந்துகொண்டிருக்கிறார்கள்.

அண்ணன்மேல் இருந்த கோபம் சின்னதாகிவிட்டது. உள்ளே புதிதாக ஒன்று பற்றிக்கொண்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு முன்னாலேயே கிளம்பினாள். போகிற வழியில் மஞ்சளிலும் நின்றாள். பழக்கமாகிவிட்டது.

வீட்டுக்குள் நுழையும்போது வெயில் இன்னும் இருந்தது. கணவன் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான். பாப்பா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கதையைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை. ரெண்டாவது பிரேக்குக்கு வந்தாள்.

“அப்போ ஓட்டினது வேற ஆளுங்க. அண்ணன் யாரையோ காப்பாத்தறார். யாருன்னு தெரிஞ்சா போதும், உங்க மேனேஜர் வாசல்ல அந்த ஆளைக் கொண்டுபோய் நிறுத்திடுவேன். சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவேன்.”

“வேண்டாம்” என்றான் கணவன்.

“ஏன் வேண்டாம்? உங்களுக்கு எல்லாமே வேண்டாம். நாளைக்கு ஸ்கூல்ல படிக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போறேன். பல் டாக்டர்ல ஆரம்பிக்கிறேன்.”

“கேக்க வேண்டாம் அண்ணி” என்றாள் பாப்பா.

மடித்த சட்டை ஒன்று அவள் கையிலேயே இருந்தது.

“பாப்பா, உள்ள போ” என்றான் கணவன். அவன் இவ்வளவு வேகமாக எதையும் சொல்லி அவள் கேட்டதில்லை.

தையல்காரி கணவனைப் பார்த்தாள். பாப்பாவைப் பார்த்தாள். திரும்பவும் கணவனைப் பார்த்தாள். அந்த ‘உள்ள போ’ போதும். மேலே ஒன்றும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பாப்பா சொன்னாள். நின்ற இடத்திலிருந்தே, சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

கம்ப்யூட்டர் கிளாஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை. பார்சல் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். தன் அண்ணனுக்குக் கார்களைக் கண்டாலே ஆகாது என்பதால் வேலை கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தாள். நம்ம வீட்டுப் பெண்தானே, பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் கற்றுக்கொள்பவருக்கான அனுமதிகூட வாங்காமல் காரைக் கொடுத்துவிட்டார். அன்றைக்குச் சந்திப்பில் மாஸ்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் பிரேக் என்று நினைத்து வேறொன்றை அழுத்தினாள். குறுக்கே அண்ணனின் சைக்கிள் தெரிந்தது. மாஸ்டர் போனைப் போட்டுவிட்டு மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“நான் இறங்கி ஓடினேன். அண்ணன் கீழ கிடந்துச்சு. என்னைப் பாத்துச்சு. கூட்டம் கூடறதுக்குள்ள ஓடிப் போயிடு பாப்பான்னு அண்ணன்தான் சொல்லுச்சு.”

தெருவில் யாரோ கேட்டைச் சாத்தினார்கள்.

தையல்காரிக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அதை அவள் நிதானமாகத்தான் கேட்டாள்.

“சிக்னல் என்ன நிறம்?”

“எங்களுக்குச் சிவப்பு.” பாப்பா சட்டையைக் கீழே வைத்தாள். “அண்ணனுக்குப் பச்சை.”

தையல்காரி கணவனின் பக்கம் திரும்பினாள். அவன் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். கையில் பேப்பர் இல்லாமல் வண்டி ஓட்டி ஆளை இடித்தவள் என்று பதிந்துவிட்டால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னாவது என்று கேட்டான். எனக்கு வேலை போனால் வேறு வேலை, அவளுக்கு அப்படியா என்று கேட்டான். அம்மா அப்பா இல்லாத பிள்ளை, நான் விட்டுக்கொடுத்தால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. எல்லா நியாயத்தையும் அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து முடித்து வைத்திருந்தார்கள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?”

“இருந்திருக்க மாட்டேன். அதுக்காக?” அவள் எழுந்தாள். “மூணு வாரமா நான் அந்த ரோட்டுல லாரிக்காரன்கிட்ட எல்லாம் திட்டு வாங்கிக்கிட்டு, உங்களுக்காக மழையில நனைஞ்சு சிக்னல் சிக்னலா நின்னிருக்கேன். இவ காலையில டயருக்குக் காத்தடிச்சு அனுப்பறா. நீங்க படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. எங்க அண்ணன் உங்களை மட்டும்தான் இடிச்சார்னு நினைச்சேன். மூணு பேருமா சேந்து என்மேல ஏத்திட்டுப் போயிருக்கீங்க.”

பாப்பா அழ ஆரம்பித்தாள். அண்ணி, நான் வருகிறேன், மேனேஜரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். கணவன் ஊன்றுகோலை எட்டி எடுக்கப் பார்த்தான். அது நழுவி விழுந்தது. அவனால் குனிந்து எடுக்க முடியவில்லை. வழக்கமாகத் தையல்காரி ஓடிப் போய் எடுத்துக்கொடுப்பாள். இன்று அதைத் தாண்டிப் போனாள்.

மேஜைமேல் இருந்த போனை எடுத்து அண்ணனின் எண்ணை அழுத்தினாள். இந்த மூன்று வாரமாக அவர் அவள் போனை எடுப்பதில்லை. இன்றைக்கு உடனே எடுத்தார். இன்ஸ்பெக்டரிடம் நீ போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஸ்கூல் போர்டையே கழற்றச் சொல்லுகிறான், பட்டது போதும், இத்தோடு விட்டுவிடு என்று ஒரே மூச்சில் ஆரம்பித்தார். காலையில் இருந்த கோபம் அவர் குரலில் இல்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். கட்டிலில் கணவனும் துணிகளுக்கு நடுவில் பாப்பாவும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணா, எனக்கும் கார் ஓட்டக் கத்துக்கணும். நாளைக்குக் காலையில முதல் கிளாஸ் எனக்கு.”

“என்ன விளையாடறியா?”

“அனுமதிப் பேப்பரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நானும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே.”

அவள் குரலை உயர்த்தவில்லை. மார்க்கெட் சந்திப்பு வழியாகத்தான் போக வேண்டும் என்றாள். அங்கிருந்து நேராகப் பரிசோதனைக்கூடத்து வாசல்வரை ஓட்டக் கற்றுக்கொடுத்தால் போதும், அதற்குமேல் எங்கேயும் போக வேண்டாம் என்றாள்.

“நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு. பின்னால என் நாத்தனார் உக்காந்து வருவா.”

மாஸ்டர் முடியாது என்று சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை.